முக்கால் ஜல்லியும் எம்-சாண்டும்: வள்ளியூர்ப் பக்கம் வீடு கட்டுபவருக்கு

வள்ளியூருக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "பில்லர் ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் தளம். ஒரு கிரஷரில் கருநீல ஜல்லி, இன்னொன்றில் வெள்ளையாக, சிவப்புப் புள்ளி விழுந்த ஜல்லி. எது பலம்? கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் போட்டால் தளம் வெடிக்கும், தாமிரபரணி மணல்தான் வேண்டும் என்று கொத்தனார் ஒரே பிடியாக நிற்கிறார். நேற்று இறங்கிய ஜல்லியில் தூசி வேறு அதிகம். அப்படியே போட்டுவிடலாமா? அண்ணாச்சி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்."

முதலில் நிறத்தை முடித்துவிடுவோம், அதுதான் இருப்பதிலேயே சின்ன விஷயம். கருநீலமாக இருப்பது பெரும்பாலும் சார்னகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இட்ட பெயர். வெள்ளையில் சிவப்புப் புள்ளி விழுந்தது நைஸ் வகைக் கல், அந்தச் சிவப்பு கார்னெட் மணி. நம் திருநெல்வேலி ஜில்லாவில் எந்தப் பொத்தையை, அதாவது சின்னப் பாறைக்குன்றை, குடைந்தாலும் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். சேதமில்லாத கல் என்றால் இரண்டுமே சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனுக்கு மேல் தாங்கும். உங்கள் வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்-20 கான்கிரீட்டுக்கு வேண்டியது வெறும் 20. கல் ஐந்து மடங்கு பலமாக இருக்கும்போது, அது ஐந்து மடங்கா ஆறு மடங்கா என்ற ஆராய்ச்சியால் உங்கள் தளத்துக்கு ஒரு லாபமும் கிடையாது. பலம் சோதிக்க வார்த்து உடைக்கிற கான்கிரீட் கட்டியை, கியூபை, எடுத்துப் பாருங்கள், கல் உடைந்திருக்காது. கல்லுக்கும் சிமெண்டுக்கும் இடையில் பிரிந்திருக்கும். ஆக, பார்க்க வேண்டியது அந்த ஒட்டும் இடத்தை. அதைக் கெடுப்பவை மூன்று: கல்லின் வடிவம், கல்மேல் இருக்கும் தூசி, அளவுக்கு மிஞ்சிய தண்ணீர். முதல் இரண்டும் கடைசியில் மூன்றாவதில்தான் போய் முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். எல்லாக் கல்லும் நல்ல கல் என்று நான் சொல்லவில்லை. குவாரியில் மேல்மண்ணை எடுத்ததும் முதலில் வரும் படை வெயிலிலும் மழையிலும் வெந்து போன கல்லாக இருக்கும். பழுப்பேறி, துருப்பிடித்த மாதிரி கோடுகள் ஓடியிருக்கும். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் நல்ல கல் கணீரென்று கேட்கும், வெந்த கல் மண்ணோட்டைத் தட்டிய மாதிரி மந்தமாகக் கேட்கும். இன்னொரு வழி: ஒரு கிலோ ஜல்லியைக் கழுவி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் துணியால் ஈரம் துடைத்து எடை போட்டு, அப்புறம் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். நல்ல கருங்கல் 10 கிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்காது. 20, 30 கிராம் குடித்தால் அந்த லோடு அஸ்திவாரக் குழிக்குக்கூட வேண்டாம். அப்புறம் மைக்கா. வெயிலில் பிடித்தால் மின்னுகிற ஏடு ஏடான கனிமம். ஒரு கல்லில் அது கொத்துக் கொத்தாக இருந்தால் நகத்தால் கீறினாலே உதிரும். அதையும் ஒதுக்குங்கள்.

ஆய்வகத்தில் செய்கிற நசுக்கல் சோதனையைப் பற்றியும் ஒரு வரி. 10 மில்லிமீட்டரிலிருந்து 12.5 மில்லிமீட்டர் வரை உள்ள ஜல்லியை இரும்பு உருளையில் நிரப்பி, 10 நிமிடத்தில் 40 டன் பாரத்தை ஏற்றுவார்கள். நொறுங்கி 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்தது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் விடை. சாலை, தொழிற்சாலைத் தரை மாதிரி தேய்மானம் உள்ள இடத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது என்று ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர விதி ஐஎஸ் 383 சொல்கிறது. வீட்டுத் தளத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. நம் பக்கத்துக் கல்லில் 30-ஐத் தாண்டிய சாம்பிளை நான் பார்த்தது மிக அபூர்வம்.

சரி, வடிவத்துக்கு வருவோம். இது என் கையைச் சுட்ட விஷயம்.

பல வருஷத்துக்கு முன் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு வீடு. 9-க்கு 12 இஞ்ச் பில்லர், ஆறு 16 மில்லிமீட்டர் கம்பி, சந்திப்பில் கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டுகிற லேப் வேறு. பழைய கிரஷர் ஒன்றிலிருந்து ஜல்லி வந்தது. விலை குறைவு. கையில் எடுத்துப் பார்த்தபோதே பாதிக்குப் பாதி தட்டைத் தட்டையாக, ஓட்டுச் சில்லு மாதிரி இருந்தது. "கல்லு கல்லுதான சார், இதுல என்ன இருக்கு" என்றார் மேஸ்திரி. நானும் அவசரத்தில் தலையாட்டிவிட்டேன். மறுநாள் பலகை பிரித்தால், பீமும் பில்லரும் சேருகிற இடத்தில் ஒரு முழம் உயரத்துக்குக் கான்கிரீட் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. கம்பி வெளியே தெரிகிறது. தட்டைக் கற்கள் கம்பிகளுக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி படுத்துக்கொண்டு, பின்னால் வந்த கலவையைக் கீழே இறங்க விடவில்லை. அந்தப் பகுதியை முழுக்க உடைத்து எடுத்து, முட்டுக் கொடுத்து, மறுபடி போட்டோம். கூலி, கம்பி, பலகை எல்லாம் சேர்த்து, ஜல்லியில் மிச்சம் பிடித்த காசைப் போல எத்தனையோ மடங்கு போயிற்று.

தட்டைக் கல் எங்கிருந்து வருகிறது? வாயை மென்று மென்று திறக்கிற ஜா கிரஷரில் மட்டும் உடைத்தால் கல் பிளந்து தட்டையாக வரும். அதற்கு அடுத்து கோன் கிரஷர், அதற்கும் அடுத்து விஎஸ்ஐ என்ற மெஷினில் கல்லையும் கல்லையும் மோதவிட்டு உடைத்தால் முனை மழுங்கி, உருண்டு திரண்டு வரும். லோடு சொல்லும்போது "விஎஸ்ஐ ஜல்லியா?" என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். ஆனால் கேட்டதோடு விடாதீர்கள். லோடில் கைவிட்டு நூறு கல்லை எடுத்துப் போடுங்கள். தடிமன் சராசரி அளவில் 0.6 பங்குக்குக் குறைந்தால் தட்டை, நீளம் 1.8 மடங்குக்கு மேல் போனால் நீட்டு. 20 மில்லிமீட்டர் ஜல்லி என்றால், கைச் சுண்டுவிரலின் தடிமன்கூட இல்லாததெல்லாம் தட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் எடை வைத்துத்தான் செய்வார்கள், நாம் எண்ணிப் பார்ப்பது ஒரு குத்துமதிப்பு. ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பு தட்டையும் நீட்டும் சேர்ந்து 40 சதவீதம் வரை விடுகிறது. வீடு கட்டுகிற எனக்கு 25-க்கு மேல் போனாலே மனசு ஒப்பாது.

தட்டைக் கல்லின் இன்னொரு குற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதே எடையில் தட்டைக் கல்லுக்கு மேற்பரப்பு அதிகம், ஒன்றையொன்று உரசி நகரவும் செய்யாது. கலவை இறுகலாகத் தெரியும். கொத்தனார் என்ன செய்வார்? "தண்ணி விடுப்பா" என்பார்.

இப்போது அளவு. ஒரு 20 லிட்டர் வாளியை எடுத்து அதில் முக்கால் ஜல்லியை, அதாவது முக்கால் இஞ்ச் (20 மில்லிமீட்டர்) ஜல்லியை மட்டும் விளிம்பு வரை நிரப்புங்கள். அப்புறம் ஒரு லிட்டர் பாட்டிலால் எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றுங்கள். எட்டு, ஒன்பது லிட்டர் உள்ளே போகும். அவ்வளவும் இடுக்கு. ஓலைப்பெட்டியில் கருப்பட்டியை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நடுவில் சந்து இருப்பது மாதிரிதான். இந்த இடுக்கையெல்லாம் மணலும் சிமெண்டுப் பாலும்தான் நிரப்ப வேண்டும். வாளியைக் கொட்டிவிட்டு, இந்தத் தடவை முக்கால் ஜல்லி மூன்று பங்கு, அரை இஞ்ச் அளவான அரை ஜல்லி இரண்டு பங்கு கலந்து நிரப்புங்கள். தண்ணீர் முன்னைவிடக் குறைவாகப் போகும். வாளிக்கு முக்கால் லிட்டர் குறைந்தாலும், ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் அது எவ்வளவு என்று யோசியுங்கள். கான்கிரீட்டின் பருமனில் முக்கால் பங்கு கல்லும் மணலும்தான். அதிலும் மணலைவிடக் கல்தான் அதிகம்.

நம் ஊரில் முக்கால் ஜல்லி மட்டும் வாங்கித் தளம் போடுகிற வழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இரண்டு லோடு முக்கால் வாங்குகிறவர் அதில் ஒரு சின்ன லோடை அரை ஜல்லியாக வாங்கினால் போதும். அறுபதுக்கு நாற்பது. பம்ப் வைத்து ஏற்றுகிற ரெடிமிக்ஸ்காரர்கள் இதை வருஷக்கணக்காகச் செய்கிறார்கள், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

எந்த வேலைக்கு எது என்பதற்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: ஜல்லியின் பெரிய அளவு, கான்கிரீட்டின் மிகக் குறைந்த கனத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐந்து இஞ்ச் தளம் என்றால் 125 மில்லிமீட்டர், நாலில் ஒன்று 31. ஆக 20 மில்லிமீட்டர் ஜல்லி தாராளம். சன்ஷேடின் நுனி மூன்று இஞ்ச்தான் இருக்கும், அதாவது 75 மில்லிமீட்டர், நாலில் ஒன்று 18-ஐ ஒட்டி. அங்கே முக்கால் ஜல்லி போடுவது முறையில்லை, அரை ஜல்லிதான். பரணுக்கும் அடுப்பு மேடைக்கும் அப்படியே. கம்பி நெருக்கமாக இருக்கும் இடத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே உள்ள சந்தைவிட 5 மில்லிமீட்டராவது ஜல்லி சின்னதாக இருக்க வேண்டும். உங்கள் பில்லரில் பீம் வந்து சேருகிற இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நெருக்கித்தான் போகிறது என்றால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அரை ஜல்லிக் கலவை தனியாகப் போடச் சொல்லுங்கள். மூலைக்கரைப்பட்டிக்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் இதை விட்டதில்லை. ஒன்றரை இஞ்ச் ஜல்லிக்கு வேலை அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் வெறும் கான்கிரீட்டோடு முடிந்தது.

அடுத்து நீங்கள் கேட்ட தூசி. அப்படியே போடாதீர்கள். கல்மேல் மாவு பூசிய மாதிரி தூசி ஒட்டியிருந்தால் சிமெண்ட் பிடிப்பது தூசியை, கல்லை அல்ல. முன்னே சொன்ன அந்த ஒட்டும் இடம் அங்கேயே போய்விட்டது. ஒரு கைப்பிடி ஜல்லியை வாளித் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கினால் பரவாயில்லை. சாம்பல் கரைத்த மாதிரி ஆனால் கழுவியே ஆக வேண்டும். கான்கிரீட் போடுகிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹோஸ் பைப்பை வைத்துக் குவியலை நன்றாக நனைத்துவிடுங்கள். தூசி அடிக்கு இறங்கும். கல்லும் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மறுநாள் கலவையிலிருந்து உறிஞ்சாது. சித்திரை வெயிலில் ஜல்லிக் குவியல் தொட முடியாத சூட்டில் இருக்குமே, அந்தச் சூடும் தணியும். ஆனால் ஒன்று: இறங்கின தூசியெல்லாம் குவியலின் அடியில்தான் இருக்கும். கடைசி மூன்று இஞ்ச் ஜல்லியைச் சட்டியில் அள்ள விடாதீர்கள். சித்தாள்கள் மண்வெட்டியால் தரையோடு சுரண்டி அள்ளும்போது தூசியும் செம்மண்ணும் சேர்ந்துதான் வரும். ஜல்லியை மண்தரையில் இறக்காமல் பழைய தகரமோ தார்ப்பாயோ விரித்து இறக்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இனி மணல். கொத்தனார்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொருநை, அதாவது தாமிரபரணி மணலில் கை பழகினவர். ஆற்று மணல் உருண்டை, கரண்டிக்குக் கீழே தானாக ஓடும். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை அந்த ஆறு உருட்டிக் கொடுத்த மணல் அது. ஆனால் அந்த ஆற்றின் கதி என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். 2010-இல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. இப்போதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வருகிற "தாமிரபரணி மணல்" எதுவும் உங்களுக்கு வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சரக்காகவே அது நம்ப முடியாதது. ஓடையில் அள்ளினது, குளத்து வண்டல் கலந்தது, செம்மண்ணைக் கழுவி எடுத்தது எல்லாம் அந்தப் பெயரில்தான் வருகிறது.

எம்-சாண்ட் போட்டால் தளம் வெடிக்குமா? நல்ல எம்-சாண்டால் வெடிக்காது. எம்-சாண்ட் என்ற பெயரில் வருகிற கிரஷர் தூசியால் வெடிக்கும். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ஒரே கிரஷர் வாசலிலிருந்துதான் வருகின்றன, அதனால்தான் குழப்பம். ஜல்லி உடைக்கும்போது மிச்சமாக விழுகிற பொடி கிரஷர் தூசி. மணலாக்கவே கல்லை விஎஸ்ஐயில் உடைத்து, சலித்து, அதிலிருக்கும் மாவைத் தண்ணீரால் கழுவியோ காற்றால் ஊதியோ எடுத்தது எம்-சாண்ட். நீளமாகவும் ஊசியாகவும் இருக்கிற துகள் தூசியில் அதிகம், மாவும் அதிகம். தமிழ்நாடு அரசு 2023-இல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. பொதுப்பணித்துறை தரச் சான்று வாங்கின ஆலையா என்று கேட்டு வாங்குங்கள், அந்தச் சான்றின் நகலையும் கேளுங்கள்.

லாரி வந்ததும் செய்ய வேண்டியது இது. மேலே தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டயரில் கால் வைத்து ஏறி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, மூன்று இடத்தில் எடுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து, கையை விரித்துக் கொட்டுங்கள். உள்ளங்கை ரேகைகளில் மாவு பூசினது மாதிரி அப்பிக்கொண்டால் தூசி மிகுதி. விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நறநறவென்று இருக்க வேண்டும், வழவழவென்று வழுக்கினால் களிமண் இருக்கிறது. பழைய கொத்தனார்கள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பாட்டில் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் வைப்பது. மணலுக்கு மேல் படியும் வண்டல் படிவு மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் ஆற்று மணலைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் இதே அளவுகோலை எம்-சாண்டுக்கு வைத்து நல்ல லோடைத் திருப்பி அனுப்பினவர்களையும் பார்த்திருக்கிறேன். எம்-சாண்டில் மேலே படிவது களிமண் அல்ல, கல்மாவு. களிமண் தண்ணீரைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். கல்மாவு அப்படிச் செய்யாது, கொஞ்சம் இருந்தால் இடுக்கை அடைத்து நல்லதுகூடச் செய்யும். அதனால்தான் ஐஎஸ் 383, 75 மைக்ரானுக்குக் கீழான பொடியை ஆற்று மணலுக்கு 3 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, உடைத்த கல் மணலுக்கு 15 சதவீதம் வரை விடுகிறது. 15-ஐத் தாண்டினால் கலவை தண்ணீர் கேட்க ஆரம்பிக்கும். மறுபடி அதே கதை.

மணல் எவ்வளவு பருமன் என்பதற்கு நான்கு மண்டலம் பிரித்திருக்கிறார்கள். 600 மைக்ரான் சல்லடையில், ஏறக்குறைய ரவை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை சதவீதம் கீழே விழுகிறது என்பதுதான் முக்கியமான வித்தியாசம். 35-இலிருந்து 59 வரை விழுந்தால் இரண்டாம் மண்டலம், கான்கிரீட்டுக்கு இதமானது. 80-க்கு மேல் விழுந்தால் நான்காம் மண்டலம், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குச் சோதிக்காமல் தொடாதீர்கள். பூச்சுக்கென்று வருகிற பி-சாண்டைத் தளத்துக்கும், தளத்துக்கு வந்த எம்-சாண்டைப் பூச்சுக்கும் மாற்றிப் போடுவது நம் ஊரில் தினமும் நடக்கிறது. பூச்சு வெடிக்கிறது என்று அப்புறம் எம்-சாண்டைத் திட்டுவார்கள்.

உங்கள் கொத்தனார் சொன்ன வெடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும், காற்றாலைக்காரர்கள் காரணம் இல்லாமலா வந்து வரிசையாக நட்டிருக்கிறார்கள்? அந்தக் காற்றில் தளத்தின் மேல்பரப்பு இரண்டு மணி நேரத்தில் காய்ந்து, கோடு கோடாக வெடிக்கும். ஆற்று மணல் போட்டாலும் வெடிக்கும். எம்-சாண்ட் கலவையில் தண்ணீர் மேலே கசிந்து வருவது குறைவு, அதனால் இன்னும் சீக்கிரம் காயும். விடியற்காலையில் ஆரம்பித்து, போட்ட இடத்தை உடனுக்குடன் தார்ப்பாயாலோ ஈரச் சாக்காலோ மூடி, இறுகினதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. எம்-20-க்கு ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கல்லும் மணலும் சேர்ந்து 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. மணல் ஒரு பங்கு, ஜல்லி இரண்டு பங்கு என்றால் மணல் 83 கிலோ. கழுவின எம்-சாண்ட் லாரியிலிருந்து சொட்டச் சொட்டத்தான் வரும். அதில் 5 சதவீதம் ஈரம் என்றாலே மணலுக்குள் 4 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. கொத்தனார் இதைக் கணக்கில் சேர்க்காமல் 30 லிட்டரையும் ஊற்றுவார், உண்மையில் 34 ஆகிவிடும். தட்டைக் கல்லுக்காக இன்னொரு லிட்டர், தூசிக்காக இன்னொன்று. 35-க்கு மேல் போனால் பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிமெண்ட் நல்ல கம்பெனி, கல் நல்ல கல், ஆனால் 28-ஆம் நாள் கியூப் மட்டும் தோற்றுப்போகும். வீட்டுக்காரர் சிமெண்டைக் குறை சொல்வார். எம்-சாண்ட் கலவை இறுகலாக இருக்கிறது என்றால் தண்ணீருக்குப் பதில் கலவையை இளக வைக்கிற பிளாஸ்டிசைசர் திரவம் ஊற்றச் சொல்லுங்கள். டப்பாவில் எழுதியிருக்கிற அளவு போதும், மூட்டைக்கு இவ்வளவு மில்லி என்று இருக்கும்.

ஈரம் இன்னொரு வேலையும் செய்யும். ஈர மணல் உப்பும். துகள்மேல் படிந்த தண்ணீர் துகள்களை விலக்கி வைத்து, பருமனைக் காட்டும். ஒரு நேரான கண்ணாடி ஜாடியில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். அதை வேறொன்றில் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி மணலை மறுபடி உள்ளே போட்டுக் கிளறுங்கள். 16 சென்டிமீட்டரில் வந்து நின்றால் 4 சென்டிமீட்டர் வெறும் ஏமாற்று. 16-க்கு 4 என்றால் 25 சதவீதம். பெட்டி வைத்து அளக்கும்போது அந்த 25 சதவீதத்தைக் கூட்டி அளக்காவிட்டால், கலவையில் மணல் குறைந்து, ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கும்.

வியாபாரத்திலும் இதே உப்பல்தான். யூனிட் என்பது 100 கன அடி. யூனிட் கணக்கில் ஈர மணல் வாங்கினால் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள், எடைமேடையில் டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். எதில் ஏமாறுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்! நான் டன் கணக்கையே சொல்வேன். உப்பலில் போவது ஐந்தில் ஒரு பங்கு, ஈரத்தில் போவது இருபதில் ஒரு பங்கு. லாரிப் பெட்டியின் உள் அளவை டேப் வைத்து ஒரு தடவை அளந்து பார்த்தால், "மூன்று யூனிட் வண்டி" என்பது எத்தனை யூனிட் என்று தெரியும். அளக்கும்போது டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் கட்டுகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கடல் மணலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். ஒரு கனமீட்டர் கம்பிக் கான்கிரீட்டில் எல்லாப் பொருளும் சேர்ந்து குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு கனமீட்டருக்கு மணல் மட்டும் 700 கிலோ. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளோரைடு இருந்தாலே 0.7 கிலோ. மணலிலேயே எல்லை தாண்டியாயிற்று. கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து வீங்கி, சில வருஷத்தில் தளத்தின் அடிப்பாகம் பொத்துப் பொத்தென்று விழும். அந்த ஊர்களில் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தே ஊற்றுங்கள், குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தேரி மணலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், குதிரைமொழித் தேரியில்தான் மலைமலையாகக் கிடக்கிறதே என்று. காற்று சலித்துக் குவித்த மணல் அது. எல்லாத் துகளும் பொடியாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், மேலே செம்பூச்சு வேறு. ஒரே அளவு என்றால் இடுக்கு அதிகம், பொடி என்றால் தண்ணீர் அதிகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு மாதத்தில் கேட்கப் போகிற கேள்வி. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும்போது சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி போடச் சொல்வார்கள். "கருங்கல் ஜல்லியே மிச்சம் கிடக்கிறதே, அதையே போட்டால் என்ன?" என்று தோன்றும். போடாதீர்கள். அங்கே வேண்டியது பலமான கல் இல்லை, உள்ளே ஓட்டை ஓட்டையாகக் காற்று நிற்கிற கல். வெயிலைக் கீழே இறங்க விடாமல் நிறுத்துவது அந்தக் காற்றுதான், கருங்கல் சூட்டை நேராகக் கீழே கடத்திவிடும். நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து வாங்குங்கள், கையில் பொடிந்து மண்ணாகிற பச்சைக்கல்லை ஒதுக்குங்கள். செங்கல் தன் எடையில் ஆறில் ஒரு பங்கு வரைகூடத் தண்ணீர் குடிக்கும். அதனால் கலக்குவதற்கு முன், கொப்பளம் வருவது நிற்கும் வரை தொட்டியில் ஊறட்டும்.